கழித்த அறுபத்து மூன்றாம் நம்பர்

இரண்டு வாரத்துக்கு முன் என் மகள் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து ஒரு பாக்கெட் வாங்கிவந்தாள். மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்த நூடுல்ஸ். கோதுமை சேராததாம், வயிற்றுக்கு இதமாம். பச்சை நிற உறையில் ஒரு கிழங்கு கைகால் முளைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. எதை வாங்கினாலும் பின்பக்கத்தைப் படிக்காமல் நான் அடுப்பில் ஏற்ற மாட்டேன். ஆரோக்கியத்தில் அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள், குமாஸ்தா புத்தி, அவ்வளவுதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். ‘எங்கள் விஞ்ஞானிகள் பல்லாண்டுகள் பாடுபட்டு உருவாக்கிய, நோய் தாக்காத மாளவிகா ரகக் கிழங்கில் தயாரித்தது’ என்று மலையாளத்திலும் இங்கிலீஷிலும் அச்சடித்திருந்தார்கள்.

பாடுபட்டார்களாம். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுரீர் என்று ஏறிவிட்டது. பாக்கெட்டைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வீசினேன். மகள் ஓடிவந்தாள்.

“அம்மாக்கு எந்தாச்சு? ஒரு நூடுல்ஸுக்கா இந்த ரகளை?”

அவளுக்கு என்ன தெரியும், பாவம். பாக்கெட்டைத் துடைத்து எடுத்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். நூடுல்ஸானாலும் மரச்சீனி மரச்சீனிதான். கொதி வந்ததும் அந்தப் பச்சை வாடை எழுந்தது. ஈர மண்ணும் பாலும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை. அது மூக்கில் ஏறிய மாத்திரத்தில் நான் வீட்டில் இல்லை. பண்ணையில் இருந்தேன். எனக்கு இருபத்தொரு வயது. எதிரே இசக்கியக்கா கிழங்கு அவிக்கும் குட்டுவத்தின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு தாண்டி பொன்முடி போகிற ரோட்டில் ஒரு ஸ்டார்ச் கம்பெனிக்குப் பதினைந்து ஏக்கரில் பரிசோதனைப் பண்ணை இருந்தது. சர்க்கார் ஸ்தாபனம் என்று எண்ண வேண்டாம், சுத்தத் தனியார். பெயரைச் சொல்ல மாட்டேன். பயந்து அல்ல. என் வாயால் அதற்கு ஒரு விளம்பரம் கிடைக்க வேண்டாம். பின்னால் அது இரண்டு மூன்று கை மாறிவிட்டது. இப்போது இந்தச் சிரிக்கும் கிழங்குக்காரர்களிடம் இருக்கிறது போல. அங்கே நான் டைப்பிஸ்ட். ஊரெல்லாம் கம்ப்யூட்டர் வந்த பிறகும் எங்கள் பண்ணையில் டைப்ரைட்டர்தான். அதில் ‘எஸ்’ எழுத்தை இரண்டு தடவை குத்த வேண்டும். நானும் அந்த மெஷினும் ஒரே அந்தஸ்து, இரண்டுமே தற்காலிகம்.

வேலை கிடைத்தது அப்பாவால். அப்பா ஆரியசாலையில் ஒரு மொத்த உரக்கடையில் இருந்தார். எலும்புப்பொடி, வேப்பம்புண்ணாக்கு, பொட்டாஷ், மூட்டை மூட்டையாக யூரியா. சாயங்காலம் அவர் தெருமுனை திரும்பும்போதே வாடை வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றிவிடும். அம்மா சோற்றை மூடி வைப்பாள். சிறுவயதில் எனக்கு இது பெரிய அவமானம். பள்ளிக்கூடத்தில் யாராவது மூக்கைச் சுளித்தால் எனக்காகத்தான் என்று தோன்றும். ஆனால் அப்பாவுக்கு அந்தச் சரக்கின்மேல் ஒரு பக்தியே உண்டு. “இந்த வெள்ளை மாவு வந்த பெறகுதான் மக்களே நாட்டுல பட்டினி கொறஞ்சுது” என்பார். அதைக் கண்டுபிடித்தவர்கள் எல்லாரும் கோட்டு போட்டவர்கள், நல்லவர்கள் என்பது அவர் எண்ணம். ஸ்டார்ச் கம்பெனி பொட்டாஷ் வாங்கியது அவர் கடையில். அந்த வழியாகச் சொல்லித்தான் என்னை உள்ளே நுழைத்தார். நானும் கண்டுபிடிக்கிறவர்கள் பக்கத்தில் உட்காரப் போகிறேன் என்று குதூகலமாகத் தம்பானூரில் பஸ் ஏறினேன். எப்பேர்ப்பட்ட மண்டு நான்!

அங்கே போனால் அதே யூரியா சாக்கு. மழைக்காலத்தில் வயலில் வேலை செய்யும் பெண்கள் காலிச் சாக்கைக் கழுவி, ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்து, கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொள்வார்கள். முதுகு முழுக்க மூடிக்கொள்ளும். எல்லாக் கொங்காணியிலும் எழுத்துத் தலைகீழாக இருக்கும், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று இசக்கியக்காவுடையது. “தல கீழா நின்னு என்னைய எவன் வாசிப்பான்?” என்று கேட்டு, அதை மட்டும் பிரித்து, எழுத்து நேராக வரும்படி தைத்து வைத்திருந்தாள்.

அவள் பொன்முடி தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்தவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பம். புருஷன் போனபிறகு ஒற்றை மகளைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கிக் கல்லாற்றில் குடிசை போட்டாள். ஆற்றோரத்தில் பத்து சென்ட் இடம். தினம் காலையில் பஸ் பிடித்துப் பண்ணைக்கு வந்துவிடுவாள். பஸ் வராத நாள் நடந்து வருவாள். அவள் வராத நாள் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை.

மரச்சீனிக்குப் பூ உண்டு என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. ஒரே கொத்தில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விரிவது உச்சி வெயிலில். எந்தச் செடிக்கும் எந்தச் செடிக்கும் கல்யாணம் என்று டாக்டர் சார் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். பண்ணைக்கு அவர்தான் தலைமை. ஊசி போடுகிற டாக்டர் அல்ல, படித்து வாங்கிய டாக்டர். தாளைக் கொடுத்துவிட்டு மின்விசிறிக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவார். இசக்கியக்கா முந்தின நாளே மொட்டுக்குத் துணிப்பை கட்டி வைத்திருப்பாள். வெயில் ஏறியதும் பையை அவிழ்த்து, பெண் பூவில் ஆண் பூவைத் தடவி, திரும்பப் பையைக் கட்டி, நம்பர் அட்டையைத் தொங்கவிடுவாள். முற்றிய காய் வெடித்து விதை தெறித்துவிடும் என்பதால் பை கடைசிவரை இருக்கும். ஒரு நாளைக்கு நூறு பூ, நூற்றைம்பது பூ. இதற்குப் பெயர் ஆராய்ச்சி. அவளுக்குப் பெயர் தினக்கூலி.

மரச்சீனி விதையில் ஒரு வேடிக்கை. ஒரு காய்க்குள் மூன்று விதை இருந்தால் மூன்றும் மூன்று விதமான செடி. எது தேறும் என்று விதைத்தவருக்கும் தெரியாது, படித்தவருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். தேறினால் அதன் கம்பை வெட்டி அடுத்த வருஷம் நடுவார்கள். தேறாவிட்டால் ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் ‘கழித்தது’ என்று எழுதி, செடியைப் பிடுங்கி விறகுக் குவியலில் போடுவார்கள். சிவப்பு மை என் மேசையில் இருந்தது. அந்தச் சொல்லை எத்தனை தடவை எழுதினேன் என்று கணக்கே கிடையாது.

கிழங்கு தோண்டிய பிறகு ருசி பார்க்கும் நாள் வரும். ஒவ்வொரு நம்பர் கிழங்கையும் தனித்தனியாக, உப்பில்லாமல் வேகவைத்துத் தட்டில் வைப்பார்கள். மார்க் போட ஒன்பது பேர் வேண்டும் என்பது கம்பெனி விதி. ஆபீசில் எண்ணிப் பார்த்தால் எட்டுப் பேர்தான். ஒன்பதாவது நான். வீட்டில் மரச்சீனியைத் தொடாத பிள்ளை, பண்ணையில் நிபுணர்! கசப்பு, நார், மாவுத்தன்மை என்று கட்டம் போட்ட தாள் எனக்கு வரும். நான் பெரிய மனுஷி மாதிரி கண்ணை மூடி மென்று மார்க் போடுவேன். வேகவைத்தவள் இசக்கியக்கா. ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் அமுக்கினால் போதும், அது எப்படிப்பட்ட கிழங்கு, எந்த மண்ணுக்கு ஆகும் என்று சொல்லிவிடுவாள். அவளுக்குத் தாள் கிடையாது. கூலிக்காரர்கள் மார்க் போட்டால் ரிப்போர்ட்டுக்கு மதிப்பு இருக்காதாம். இதை எந்த மடையன் எழுதிவைத்தானோ, அவன் சோற்றில் கல் விழ.

அறுபத்து மூன்றாம் நம்பர் வந்தது அப்படி ஒரு நாளில். வாயில் போட்டதும் கரைந்தது. உப்பு இல்லை, மிளகாய் இல்லை, ஆனாலும் இன்னொரு துண்டுக்குக் கை போயிற்று. நான் பத்துக்குப் பத்து போட்டேன். இசக்கியக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தாள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பத்து என்ற எண் அவளுக்குத் தெரியும். டாக்டர் சார் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே வெளுப்பாக இல்லாமல் லேசாக மஞ்சள் ஓடியிருந்தது.

“மஞ்ஞ நெறம். களஞ்ஞேக்கு” என்றார். கழித்துவிடு என்று அர்த்தம்.

“சாரே, இது நல்ல கிழங்காக்கும். கம்போட தடிமனப் பாருங்க” என்றாள் இசக்கியக்கா.

“நமக்கு ருசி வேண்டா இசக்கீ. வெளுத்த ஸ்டார்ச்சு போதும்.”

நான் சிவப்பு மையைத் திறந்தேன்.

பண்ணையில் ஒரு வழக்கம். கழித்த செடிகளின் கம்பைச் சாயங்காலம் பெண்கள் விறகாகக் கட்டிக்கொண்டு போகலாம். ஆனால் கேட்டில் சீட்டு காட்ட வேண்டும். சீட்டு எழுதுவது நான். அடியில் கார்பன் வைத்து எழுதுவேன். மேல் தாள் காவல்காரருக்கு, கீழ்த் தாள் புத்தகத்திலேயே இருக்கும். அன்றைக்கு இசக்கியக்கா ஒரு கட்டோடு வந்து நின்றாள்.

“விறகு ஒரு கெட்டுன்னு எழுதட்டா அக்கா?”

“விறகு இல்ல பிள்ளே. அந்த அறுவத்திமூணுல நாலு கம்பு எடுத்திருக்கேன். நடப் போறேன். உள்ளத எழுது. நாளைக்கு ஒருத்தன் கேக்கப்பிடாது, கேட்டியா.”

‘கழித்த 63-ஆம் நம்பர் கம்பு நான்கு, வீட்டில் நடுவதற்கு, இசக்கி’ என்று எழுதினேன். டாக்டர் சாருக்கு நாலரைக்கு ஜீப். அவர் எப்போதும் ஜீப்பின் முன்மூடியில் சீட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தையும் வாசிக்காமல் சரசரவென்று கையெழுத்துப் போடுவார். அன்றும் போட்டார். கார்பனில் அழுத்தமாக விழுந்தது.

அப்புறம் ரெண்டு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வருஷம் தேமல் நோய் வந்தது. நின்ற நிலையில் இலைகள் சுருண்டன, பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக வெளிறின. டாக்டர் சார் பொட்டாஷை ஏற்றினார். அப்பா கடையில் சரக்கு போதவில்லை. நோயைப் பரப்பும் வெள்ளை ஈயைக் கொல்ல மருந்து அடித்தார்கள், மருந்து வாடையில் எங்களுக்குத்தான் தலை சுற்றியது, ஈ சுகமாக இருந்தது. வெளுத்த ஸ்டார்ச் ரகம் ஒன்று விடாமல் சீக்காளியாயிற்று. கிழங்கு என்று தோண்டினால் விரல் தடிமனில் வேர் வந்தது. மேலிடத்திலிருந்து தினமும் போன். பண்ணையை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. டாக்டர் சார் மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோனார்.

அந்தப் பாவத்தைப் பார்க்கப் பொறுக்காமல் இசக்கியக்காவே போய்ச் சொன்னாள். நினைத்தால் இப்போதும் அவள் வாயைப் பொத்திவிட வேண்டும் போல இருக்கிறது.

“எங்க வீட்டுப் பறம்புல நிக்குற அறுவத்திமூணுக்கு ஒண்ணும் ஆகல்ல சாரே. சுத்தி உள்ள வீட்டுலயெல்லாம் தேமல். எங்களுக்கு மட்டும் இல்ல.”

மறுநாளே ஜீப்பில் கல்லாற்றுக்குப் போனோம். குறிப்பெடுக்க நானும். ஆற்றங்கரையில் அவளுடைய பத்து சென்ட் இருட்டுப் பச்சையாக நின்றது. பக்கத்து வேலிக்கு அந்தப்புறம் எல்லாம் மஞ்சள். டாக்டர் சார் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இசக்கியக்கா எங்களுக்கு அதே கிழங்கை அவித்து, காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலோடு வைத்தாள். ருசி வேண்டாம் என்று சொன்ன அந்த மனிதர் மூன்று துண்டு தின்றுவிட்டு நாலாவது கேட்டார். ஜீப் நிறையக் கம்பு வெட்டி ஏற்றியவளும் அவள்தான்.

“எடுத்துட்டுப் போங்க சாரே. வெட்ட வெட்டத் துளுக்கும்.”

எட்டு மாதத்தில் பண்ணை முழுக்க அறுபத்து மூன்று. மஞ்சள் நிறம் இப்போது குறையாகத் தெரியவில்லை, சத்தாகத் தெரிந்தது. புது ரகமாகப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். முதலாளியின் பேத்தி பெயரை வைத்தார்கள், மாளவிகா. மரச்சீனி மண்ணுக்குள் விளைகிறதா மரத்தில் காய்க்கிறதா என்று அந்தக் குழந்தைக்கு இன்றுவரை தெரிந்திருக்காது. அப்போது பட்டணத்திலிருந்து ஒரு வக்கீல் வந்து ரிஜிஸ்டரைப் புரட்டினார். சிவப்பு மையைப் பார்த்தார். என் கையெழுத்து அழகாகத் தெரிந்தது, ‘கழித்தது’. கம்பெனி கழித்துப் போட்டதை ஒரு பெண் காப்பாற்றி வளர்த்தாள் என்று ஆனால், நாளைக்கு அவள் உரிமை கேட்கலாம். அதனால் கதை வேறு மாதிரி இருக்க வேண்டும் என்றார் அவர். கம்பெனி கழிக்கவில்லை, அவள் திருடினாள். எவ்வளவு சுலபம் பாருங்கள்!

அந்தக் காகிதத்தை டைப் செய்ததும் நான்தான். ‘பண்ணையிலிருந்து அனுமதியில்லாமல் எடுத்துச் சென்ற கம்புகளை மனம் வருந்தித் திருப்பி ஒப்படைத்தேன்.’ கையெழுத்துப் போட்டால் மன்னித்து வேலையில் வைத்துக்கொள்வார்கள். போடாவிட்டால் திருட்டுக்காக வேலை நீக்கம். அவளுக்கு வாசித்துக் காட்டும் வேலையும் என் தலையில் விழுந்தது. வாசித்தேன். ‘அனுமதியில்லாமல்’ என்ற இடத்தை வேகமாகத் தாண்டினேன்.

இசக்கியக்கா கோபப்படவில்லை. அவள் முகத்தில் ஒரு நிம்மதிதான் தெரிந்தது.

“அதுக்குச் சீட்டு உண்டே சாரே. இந்தப் பிள்ளை எழுதினது. நடப் போறேன்னே எழுதியிருக்கு. நீங்கதான் ஒப்பு போட்டீங்க.”

டாக்டர் சார் என்னைப் பார்த்தார். வக்கீலும் பார்த்தார். “சீட்டு உண்டோ?”

“பார்க்கிறேன் சார்” என்று உள்ளறைக்குப் போனேன். இரும்பு அலமாரியில் பழைய சீட்டுப் புத்தகங்கள் வருஷ வாரியாக இருந்தன. அடுக்கியவளுக்குத் தேட வேண்டுமா? அரை நிமிஷத்தில் பக்கம் கிடைத்தது. என் எழுத்து, அவருடைய கையெழுத்து. புத்தகத்தோடு திரும்பினேன். டாக்டர் சார் வாசலை மறித்து நின்றார். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு ரோஷமாவது வந்திருக்கும்.

“நின்றெ ஜோலிய ஸ்திரப்படுத்தற பேப்பர் என் மேசைமேலெ உண்டு. இந்த மாசம் நான் ஒப்பு போடணும்.”

அவ்வளவுதான் சொன்னார். நான் அந்தத் தாளைக் கிழித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன். வெளியே வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், சுவரில் தொங்கிய உர விளம்பரக் காலண்டரைப் பார்த்துச் சொன்னேன்: “அந்த வருஷத்துப் புத்தகத்தைச் செதல் அரிச்சுப்போச்சு சார்.”

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். வீட்டில் அப்பாவின் சம்பளம் ஒன்றுதான், எனக்குக் கீழே தங்கைகள், அந்த வேலை கிடைத்ததே அப்பாவின் தயவில். இப்படி எத்தனையோ சொல்லலாம். எல்லாம் நிஜம். எதுவும் அந்தப் பொய்யைக் கழுவாது. பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான்.

இசக்கியக்கா காகிதத்தைத் தள்ளி வைத்தாள்.

“நான் கள்ளி இல்ல. ஒப்பு போட மாட்டேன்.”

ஆணியில் தொங்கிய கொங்காணியை எடுத்துக்கொண்டாள். என் மேசையைக் கடக்கும்போது நின்று, தாழ்ந்த குரலில், “நீ என்ன செய்வ பிள்ளே” என்றாள். போய்விட்டாள்.

அந்த நாலு சொல் என்னை என்ன பாடு படுத்தியது தெரியுமா? குத்திக் காட்டினாள் என்றே எடுத்துக்கொண்டேன். நீ இதற்குமேல் என்ன செய்வாய், உன் லட்சணம் இவ்வளவுதானே என்று. நாள் ஆக ஆக அவள்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. ஒரு கையெழுத்துப் போட்டுத் தொலைத்திருந்தால் என்ன, எல்லாரும் வேலையில் இருந்திருக்கலாமே என்று கூட நினைத்தேன். தப்புச் செய்தவளுக்குக் கோபம் எங்கெல்லாம் போகிறது பாருங்கள். வேலை உறுதியான அன்று அப்பா லட்டு வாங்கிவந்தார். லட்டிலும் யூரியா வாடை. நடந்ததை அவரிடம் சொன்னேன். “ஜோலி ஸ்திரமாச்சு இல்லா?” என்று மட்டும் கேட்டார். கோட்டு போட்டவர்களைப் பற்றி அதற்குப் பிறகு அவர் என்னிடம் பெருமையாகப் பேசியதில்லை.

ரக வெளியீட்டுக்கு வழவழப்பான தாளில் ஒரு கையேடு அடித்தார்கள். உருவாக்கியவர் என்று டாக்டர் சார் பெயர், கூடவே வாழ்நாளில் வயலில் கால் வைக்காத இரண்டு பேர். கடைசி வரியில், ருசி ஆய்விலும் ஆவணப் பணியிலும் உதவியவர் என்று என் பெயர்! பூவுக்குப் பை கட்டியவள், வேகவைத்தவள், நட்டவள், காப்பாற்றியவள், வெட்டிக் கொடுத்தவள் எங்கேயும் இல்லை. எனக்கு மூன்று பிரதி கொடுத்தார்கள். டாக்டர் சாருக்குச் சால்வை, கேடயம், காரில் வந்து காரில் போகும் கூட்டங்கள். காலமானபோது பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டார்கள், ஏழைகளின் கிழங்கைக் காத்தவர் என்று. நான் அந்தப் பத்திரிகையில் மீன் சுத்தம் செய்தேன். அதற்குத்தான் எனக்குத் தைரியம் இருந்தது.

நூடுல்ஸ் பாக்கெட்டைத் தொட்டியில் எறிந்த மறுநாள், பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தேன். மடிப்பில் பிய்ந்திருந்தாலும் எழுத்து இருந்தது. பையில் வைத்துக்கொண்டு பொன்முடி பஸ் ஏறினேன். பண்ணை இருந்த இடத்தில் இப்போது வரிசையாக வீடுகள். கல்லாற்றில் இறங்கினால் எங்கு பார்த்தாலும் கார், ஆற்றைப் பார்க்க வந்த கூட்டம், மாங்காய் உப்பிலிட்டது விற்கும் கடைகள். இசக்கி என்று கேட்டேன். ஒரு சாயாக்கடையைக் காட்டினார்கள். உள்ளே நின்றது அவள் மகள் ராணி. அன்றைக்கு ஜீப்பில் கம்பு ஏற்றுகையில் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தவள். தலை நரைத்திருந்தது. நான் பண்ணையில் இருந்தவள் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

“டைப்பு பிள்ளையா? அய்யோ, உட்காருங்க!”

சாயா போட்டுக் கொடுத்தாள். அம்மா போய் ஆறு வருஷம் ஆயிற்று என்றாள். வேலை போன அன்று சாயங்காலமே அம்மா பறம்பில் நின்ற மரச்சீனி அத்தனையும் வேரோடு பிடுங்கி ஆற்றில் விட்டுவிட்டாளாம். பிறகு சாகும்வரை வீட்டில் மரச்சீனி நடவில்லை, வாங்கவில்லை, தின்னவில்லை. கள்ளி என்று ஊரில் நாலு பேர் பேசினார்கள், தன்னைப் பெண் பார்க்க வந்த ஒரு இடம் அதனாலேயே போயிற்று என்றும் சொன்னாள். அதை வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, பழைய மழையைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள். நான் தம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“உங்களப் பத்தி மட்டும் அம்மா நல்லதாத்தான் சொல்லும். ‘அந்தப் பிள்ளை எனக்குப் பத்து மார்க்கு போட்டவ. சீட்டு இருந்தா தந்திருப்பா. செதல் தின்னா அவ என்ன செய்வா’ன்னு. சாவுற வரைக்கும் சொல்லிட்டிருந்தது.”

குத்திக் காட்டவில்லை. ஒரு நாளும் குத்திக் காட்டவில்லை. அவள் என்னை நம்பியிருக்கிறாள். எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

பையைத் திறக்காமல் எழுந்து வந்திருக்கலாம். அந்த யோசனையும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். கை தானாகச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தது. ராணி எழுத்துக்கூட்டி வாசித்தாள். இரண்டாவது தடவை வாசித்தாள்.

“இது இப்பக் கெடைச்சதா?”

“இல்ல. அன்னைக்கே என் கையில இருந்தது.”

“அப்போ செதல்?”

“செதல் இல்ல.”

அடுப்பில் பால் பொங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வக்கீலிடம் போகலாம், நான் சாட்சி சொல்கிறேன், யார் வேண்டுமானாலும் கேட்கட்டும் என்று நான் என்னவெல்லாமோ உளறினேன்.

“அம்மா இல்லல்லோ” என்றாள். சீட்டை மடித்துத் தன் மடியில் செருகிக்கொண்டாள். எனக்கு முன்னால் பாதி இருந்த தம்ளரை எடுத்தாள். “சாயாக்குப் பைசா வேண்டாம். பஸ்ஸு இப்ப வரும்.”

வெளியே வந்து ஸ்டாப்பில் நின்றேன். எதிரே அந்தப் பத்து சென்ட். சிமென்ட் கல் பாவிக் கார் நிறுத்துமிடமாக்கியிருந்தார்கள். ஒரு மரச்சீனி இலையைக் கண்ணால் காண முடியவில்லை. அந்தப் பக்கம் ஆறு மட்டும் சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைக்குள் ராணி எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

இருபது வருஷத்துக்கு மேலாகக் கல்லாற்றில் ஒரு வீட்டில் நான் நல்லவளாக இருந்திருக்கிறேன். எனக்குத்தான் தெரியாது. அன்று மத்தியானத்தோடு அதுவும் இல்லை.